இரண்டு கோடும் ஒரு பேரும்: தேயிலைத் தோட்டங்களில் துரித அன்டிஜன் பரிசோதனை

கொவிட்-19 மலையகத்துப் பேச்சுக்குள் பல சொற்களைக் கொண்டுவந்து சேர்த்தது. 'கொத்தணி', 'தனிமைப்படுத்தல்', 'முதல்நிலைத் தொடர்பு' என்பவை வானொலிச் செய்தி வழியாக வந்தவை. 'பி.சி.ஆர் எடுக்கிறது', 'ரெபிட் போடுறது' என்பவை லயத்து வாசலில் சனங்கள் தாமே ஆக்கிக்கொண்டவை. 'சோதனை' என்ற பழைய சொல்லும் இக்காலத்தில் புதுப்பொருள் பெற்றது. பள்ளிவாசல் உரைகளில் நாம் கேட்கும் சோதனை இறைவனிடமிருந்து வருவது. வீதியில் பொலிஸார் செய்வது இன்னொரு சோதனை. கொவிட் காலத்தில் கொழுந்து மடுவத்தில் நடந்தது மூன்றாவது. இந்த மூன்றாவது சோதனையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். துரித அன்டிஜன் பரிசோதனை என்றால் என்ன, வேலைத்தலத்தில் அதை ஏன் செய்கிறார்கள், அதன் முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம், நாட்கூலிக்கு வேலை செய்யும் ஓரிடத்தில் அது எப்போது பலன் தரும், எப்போது தராது என்பனவே விடயங்கள்.

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. தமிழ் சிறப்புப் பட்டதாரி. ஹட்டன் பக்கத்துப் பாடசாலையொன்றில் படிப்பிக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தோட்டத்துப் பிள்ளைகள். மிச்சப் பேர் நகரத்தில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். அந்த இரண்டு வருடங்களிலும் இரு தரப்புத் தாய்மாரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்தக் கார்டை நம்பலாமா டீச்சர்?" பதில் தேடிப் படித்தபோது கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருப்பது தெரிந்தது. கார்டு சொல்வது உண்மையா என்பது ஒன்று. உண்மையாக இருந்தால் எனக்கு என்ன நடக்கும் என்பது மற்றது. முதலாவதற்கு விஞ்ஞானம் ஓரளவு பதில் தந்திருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

உலக சுகாதார ஸ்தாபனம் கொவிட் தொடர்பான சர்வதேச அவசரநிலை முடிந்ததாக 2023 மே 5ஆம் திகதி அறிவித்துவிட்டது. அப்படியிருக்க இப்போது இதை ஏன் எழுத வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். அடுத்த தொற்று வரும்போதும் இதே மாதிரிக் கார்டு ஒன்று வரும். அதற்கு முன்பே இதைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

தோட்டத்துக்கு வந்த வழி

2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு போடப்பட்டபோது விவசாயத்துக்கும் பெருந்தோட்டத் தொழிலுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. ஏப்ரல் 4ஆம் திகதி கொழும்புத் தேயிலை ஏலம் தன் வரலாற்றில் முதன்முறையாக இணையவழியில் நடந்தது. ஏலத்தை வீட்டிலிருந்து நடத்தலாம். கொழுந்தை வீட்டிலிருந்து பறிக்க முடியாது. ஆகவே நாடு அடங்கிக் கிடந்த நாட்களிலும் காலையில் பெரட்டு நடந்தது, மலைக்கு ஆள் போனது, மாலையில் கொழுந்து நிறுக்கப்பட்டது.

அவ்வருட ஒக்டோபர் 4ஆம் திகதி மினுவாங்கொடையில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவருக்குத் தொற்று உறுதியானது. தொடர்ந்து பரிசோதித்தபோது அத்தொழிற்சாலைத் தொழிலாளரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. ஒரே கூரையின் கீழ் அவ்வளவு பேருக்குப் பரவும் வரை யாருக்கும் தெரியாமல் இருந்தது என்பதுதான் வேலைத்தலப் பரிசோதனை என்ற பேச்சை இலங்கையில் உரக்க எழுப்பியது. அதே மாதம் பேலியகொடை மீன் சந்தைக் கொத்தணி கிளம்பியது. மீன் லொறிகள் போன நகரங்களுக்கெல்லாம் அது போனது, ஹட்டனும் தப்பவில்லை. நவம்பர் 14 தீபாவளி. கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளைப் பண்டிகைக்கு ஊர் வர வேண்டாம் என்று அதிகாரிகள் கேட்டுக்கொண்டார்கள். துரித அன்டிஜன் பரிசோதனை இலங்கையில் பாவனைக்கு வந்ததும் இக்காலத்தில்தான். டிசம்பரில் மேல் மாகாணத்தை விட்டு வெளியேறும் வாயில்களில் எழுந்தமானமாக ஆட்களை நிறுத்தி இதைச் செய்தார்கள். பிறகு தொழிற்சாலை, சந்தை, தோட்டம் என்று அது பரந்தது.

ஏன் பி.சி.ஆர் போதவில்லை? பி.சி.ஆருக்கு ஆய்வுகூடம் வேண்டும், இயந்திரம் வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். மலை உச்சித் தோட்டத்தில் எடுத்த மாதிரி ஆய்வுகூடம் உள்ள நகரத்துக்கு இறங்கிப் போய் முடிவு திரும்பி வர ஒரு நாளும் ஆகும், பல நாளும் ஆகும். அதுவரை அந்த ஆள் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார், அல்லது சும்மா வீட்டில் இருப்பார். அன்டிஜன் கார்டோ கால் மணி நேரத்தில், நின்ற இடத்திலேயே பதில் சொல்கிறது.

கார்டுக்குள் நடப்பது

நமது விஞ்ஞானப் பாடநூல்கள் 'அன்டிபொடி'யைப் பிறபொருளெதிரி என்றும் 'அன்டிஜ'னைப் பிறபொருளெதிரியாக்கி என்றும் சொல்கின்றன. நீளமான சொற்கள்தாம், ஆனால் விடயத்தை விளக்கிவிடுகின்றன. உடலுக்குப் புறம்பான ஒரு பொருள் உள்ளே வந்தால் அதற்கு எதிராக உடல் ஆக்குவது பிறபொருளெதிரி. அதை ஆக்கத் தூண்டுவது பிறபொருளெதிரியாக்கி. இங்கே பிறபொருளெதிரியாக்கி என்பது கொரோனா வைரசின் ஒரு புரதம். பெரும்பாலான கார்டுகள் தேடுவது வைரசின் மரபுப்பொருளைச் சுற்றியிருக்கும் நியூக்கிளியோகப்சிட் என்ற புரதத்தை.

மூக்கினுள் விட்டுச் சுழற்றிய பஞ்சுக் குச்சியை ஒரு சிறு குழாயிலுள்ள கரைசலில் முக்கிப் பிழிகிறார்கள். வைரஸ் இருந்தால் அது கரைசலில் உடைந்து புரதம் வெளியே வரும். சில துளிகளைக் கார்டின் குழியில் விட்டதும், மண்ணெண்ணெய் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அது உள்ளேயுள்ள தாளில் ஊர்ந்து செல்லும். வழியில் மிக நுண்ணிய பொன் துகள்களில் ஒட்டவைத்த பிறபொருளெதிரிகள் காத்திருக்கின்றன. அவை வைரஸ் புரதத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் ஊர்கின்றன. 'T' என்ற இடத்தில் நிலையாகப் பதித்த வேறு பிறபொருளெதிரிகள் அந்தப் புரதத்தைப் பிடித்து நிறுத்த, பொன் துகள்கள் அங்கே குவிகின்றன. அவ்வளவு சிறிதாகும்போது பொன் மஞ்சளாகத் தெரியாது, சிவப்பாகத் தெரியும். அதுவே கோடு. 'C' என்ற இடத்தில் விழும் கோடு, கரைசல் கடைசி வரை ஒழுங்காக ஓடியதற்குச் சாட்சி மட்டுமே. C இல்லாவிட்டால் அந்தக் கார்டு செல்லாது; வேறொன்று எடுக்க வேண்டும். C மட்டும் விழுந்தால் தொற்றுக் காணப்படவில்லை. இரண்டும் விழுந்தால், கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும், தொற்று. கர்ப்பம் பார்க்கும் கார்டும் இதே நுட்பத்தில்தான் இயங்குகிறது என்று சொன்னால் தாய்மாருக்கு உடனே விளங்கிவிடுகிறது.

நம் மலைநாட்டுக்கு முக்கியமான ஒரு செய்தி உண்டு. பெரும்பாலான கார்டுகளை 15 முதல் 30 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில் பாவிக்கும்படி அவற்றோடு வரும் துண்டுத்தாள் சொல்கிறது. நுவரெலியாவிலோ தலவாக்கலையிலோ ஜனவரி மாதக் காலைப் பெரட்டு அதைவிடக் குளிரானது. குளிரில் வைத்த கார்டு பிழையான முடிவு காட்டக்கூடும் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே கார்டை அறைக்குள் வைத்துச் சூடு ஏறவிட்ட பிறகே பொதியை உடைக்க வேண்டும். மழைக்கும் பனிக்கும் நடுவே திறந்து வைக்கக் கூடாது. குறித்த நிமிடத்தில் பார்க்க வேண்டும். அரை மணி, ஒரு மணி கழித்துப் பார்த்துத் தெரியும் கோட்டுக்குப் பெறுமதி இல்லை.

எவ்வளவு தூரம் நம்பலாம்?

பி.சி.ஆர் வைரசின் மரபுப்பொருளைப் பல கோடி மடங்காகப் பெருக்கிப் பார்க்கிறது. அதனால் மிகக் குறைந்த அளவையும் கண்டுபிடிக்கும். நோய் தீர்ந்த பிறகு மிஞ்சிய துணுக்கைக்கூட வாரக்கணக்கில் காட்டும். அன்டிஜன் கார்டு எதையும் பெருக்குவதில்லை. மூக்கில் வைரஸ் நிறைய இருந்தால் மட்டுமே கோடு விழும். வைரஸ் நிறைய இருக்கும் நாட்கள் பெரும்பாலும் மற்றவர்க்குப் பரவும் நாட்களுமாகும். 'இவருக்கு எப்போதாவது தொற்றியதா' என்ற கேள்விக்குப் பி.சி.ஆர் நல்லது. 'இவர் இன்றைக்கு மலைக்குப் போனால் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுப்பாரா' என்ற கேள்விக்குக் கார்டு ஓரளவு கிட்ட வருகிறது.

ஓரளவு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் 2020 செப்டெம்பரில் வைத்த ஆகக்குறைந்த தகுதி இது: தொற்றுள்ள 100 பேரில் 80 பேரையாவது கார்டு கண்டுபிடிக்க வேண்டும், தொற்றில்லாத 100 பேரில் 97 பேரையாவது சரியாக விட்டுவிட வேண்டும். பிற்பாடு பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2022இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வின்படி, நோய்க்குறி உள்ளவர்களில் கார்டு கண்டுபிடித்தது சராசரியாக 73 வீதம். குறி எதுவும் இல்லாதவர்களில் ஏறக்குறைய 55 வீதம்தான். தொற்றில்லாதவரைத் தொற்றுள்ளவராகக் காட்டியதோ மிகக் குறைவு. தோட்டத்துப் பெரட்டில் வரிசையில் நிற்பவர்களில் அநேகர் குறி இல்லாதவர்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

இதைக் கணக்காகப் பார்ப்போம். எளிமைக்காக, குறி இல்லாதவர்களில் கார்டு 60 வீதத்தைப் பிடிக்கும் என்றும், தொற்றில்லாத 1,000 பேரில் 5 பேரைத் தவறாகக் காட்டும் என்றும் வைத்துக்கொள்வோம். 1,000 தொழிலாளர் உள்ள தோட்டத்தில் 10 பேருக்குத் தொற்று இருக்கிறது. கார்டு 6 பேரைப் பிடிக்கும். 4 பேர் தப்பிப் போவார்கள். மீதி 990 பேரில் ஏறக்குறைய 5 பேருக்குப் பிழையாக இரண்டு கோடு விழும். ஆக இரண்டு கோடு விழுந்த 11 பேரில் 5 பேருக்கு ஒன்றுமே இல்லை!

அதே தோட்டத்தில் நோய் பரவி 200 பேருக்குத் தொற்று இருக்கும் நாளை எடுங்கள். கார்டு 120 பேரைப் பிடிக்கும். பிழையாகக் காட்டுவது 4 பேரை மட்டுமே. இப்போது இரண்டு கோட்டை நம்பலாம். ஆனால் ஒரு கோட்டை நம்ப முடியாது. 80 பேர் 'நெகட்டிவ்' என்ற துண்டோடு மலைக்குப் போகிறார்கள். கார்டு மாறவில்லை, சுற்றியுள்ள நிலைமை மாறியிருக்கிறது. நோய் அருகிய காலத்தில் இரண்டு கோடு வந்தால் பி.சி.ஆர் எடுத்து உறுதிசெய்ய வேண்டும். நோய் மலிந்த காலத்தில் ஒரு கோட்டைச் சான்றிதழாகக் கொள்ளக் கூடாது.

தப்பியவர்களைப் பிடிக்க வழி திரும்பச் செய்வதே. இரண்டு மூன்று நாள் கழித்துச் செய்தால், தப்பிய 80 பேரில் இன்னும் 48 பேர் அகப்படுவார்கள் என்று இதே உத்தேசக் கணக்கு சொல்லும். நேற்று வைரஸ் குறைவாக இருந்தவருக்கு நாளை கூடியிருக்கும் என்பது இதன் தர்க்கம். ஆகவே ஒரு நாள் வந்து எல்லாருக்கும் எடுத்துவிட்டுப் போவது வேலைத்தலப் பரிசோதனை ஆகாது. அதே ஆட்கள் திரும்பத் திரும்ப, மனம் விரும்பி வந்து நிற்க வேண்டும். இந்த இடத்தில்தான் விடயம் விஞ்ஞானத்தை விட்டுச் செக்ரோலுக்கு வருகிறது.

பேர்

தோட்டத் தமிழில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். செக்ரோலில் பேர் விழுந்தால் அன்றைய கூலி உண்டு. நிறை காணாவிட்டால் அரைப்பேர். வராவிட்டால் பேர் இல்லை. ஒரு மனிதரின் பெயரும் அவருடைய நாட்கூலியும் ஒரே சொல்லாய் நிற்பதை வேறெந்தத் தமிழ் வழக்கிலும் நான் கண்டதில்லை.

எங்கள் பாடசாலைக்குக் கிட்டிய ஒரு தோட்டத்தில் சுகாதாரப் பரிசோதகர்கள் கொழுந்து மடுவத்துக்கு வந்து பரிசோதிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்த நாளில், என் மாணவி ஒருத்தியின் தாய் அன்று வேலைக்கே போகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"எனக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்லீங்க டீச்சர். குச்சிய விட்டு ரெண்டு கோடு வந்திருச்சின்னா பதினாலு நாள் பேர் போயிரும். எனக்கு மட்டுமா? வீட்டுக்காரருக்கும் போயிரும். பக்கத்துக் காம்பராக்காரங்களுக்கும் போயிரும். அவங்க அப்புறம் நம்ம மூஞ்சியில முழிப்பாங்களா?"

ஒரு பேரைக் காப்பாற்றினால் பதினான்கு பேர் போகும். ஒரு பேரை விட்டால் பதின்மூன்று பேர் தப்பும். அந்தத் தாயின் கணக்கில் பிழை எதுவும் இல்லை. அதை அறியாமை என்று சொல்பவர்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். 2021 மார்ச் 5 முதல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் வந்தது. வாரம் ஆறு நாள் வேலை கிடைக்கும் என்று கொண்டால் பதினான்கு நாள் தனிமைப்படுத்தலில் 12 பேர், அதாவது 12,000 ரூபா போகிறது. கணவன் மனைவி இருவரும் தோட்டத்தில் என்றால் 24,000. தனிமைப்படுத்தப்பட்ட குடும்பத்துக்கு அரசாங்கம் அறிவித்திருந்த உலர் உணவு நிவாரணம் 10,000 ரூபா பெறுமதியானது. தனியார் வைத்தியசாலையில் தானாகப் போய்ச் செய்துகொள்ளலாமே என்றால், 2021 ஓகஸ்டில் அரசாங்கம் வர்த்தமானியில் விதித்த உச்சவிலை அன்டிஜனுக்கு 2,000 ரூபா, பி.சி.ஆருக்கு 6,500 ரூபா. ஒரு கார்டு இரண்டு நாள் கூலி.

மாதச் சம்பளக்காரியான என் நிலை வேறு. தனிமைப்படுத்தலில் இருந்த ஆசிரியர்களுக்குச் சம்பளம் வெட்டப்படவில்லை. அதனால் எங்களுக்குப் பரிசோதனை ஓர் உடல்நல விடயம் மட்டுமே. மூக்கில் விடும் குச்சி ஒன்றுதான். அது எதைத் தொடுகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு.

கூலியோடு இடமும் சேர்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, ஒரு இஸ்தோப்பு, அடுப்படி. அதில் மூன்று தலைமுறை. தண்ணீர்க் குழாயும் மலசலகூடமும் பல வீட்டாருக்குப் பொது. 2021 நடுப்பகுதியில் குறி குறைந்தவர்களை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் திட்டம் நாட்டில் தொடங்கியது. தனியறை உள்ள வீட்டுக்கு அது வசதி. லயத்தில் 'வீட்டிலேயே தனித்திருத்தல்' என்பது சொல்லளவில்தான் நடக்கும். காலையில் கார்டு கண்டுபிடித்தவரை மாலையில் அதே காம்பராவுக்கு அனுப்பினால், மலையில் தடுத்த பரவல் வீட்டுக்குள் நடக்கும்.

முடிவின் விலை

ஒரு பரிசோதனையின் முடிவுக்கு மனிதர்கள் கொடுக்க வேண்டிய விலை கூடினால் பரிசோதனையை அவர்கள் தவிர்ப்பார்கள். இதை நமது சமூகத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி, கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. நல்லடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் இருந்தும் அது தொடர்ந்தது. 2021 பெப்ரவரி 25ஆம் திகதிய வர்த்தமானியே அதை மாற்றியது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அந்தப் பத்து மாதங்களில் காய்ச்சல் கண்ட முதியவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக நம் வீடுகளில் எவ்வளவு தயங்கினோம் என்பது நமக்குத் தெரியும். பரிசோதனையில் யாருக்கும் வெறுப்பு இருக்கவில்லை. 'பொசிட்டிவ்' என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன வரும் என்பதுதான் பயம். தோட்டத்துத் தாய்க்குப் பேர், நமக்கு ஜனாஸா. இழப்பின் தன்மை வேறு. ஆனால் அந்தத் தாயின் தயக்கத்தை விளங்கிக்கொள்ள நம்மைவிடத் தகுதியானவர்கள் இல்லை.

வெளிநாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. ஸ்லோவாக்கியா 2020 ஒக்டோபர் 31, நவம்பர் 1 ஆகிய இரு நாட்களில் ஏறக்குறைய 36 இலட்சம் பேருக்கு அன்டிஜன் பரிசோதனை செய்தது. ஏறக்குறைய 38,000 பேருக்குத் தொற்றுக் காணப்பட்டது. சான்றிதழ் இல்லாதவர் வேலைக்குப் போக முடியாது என்ற கட்டுப்பாடு சனத்தை வரிசைக்குக் கொண்டுவந்தது. தொற்று வீதம் அடுத்த கிழமையில் நன்றாகக் குறைந்தது. ஆனால் அதே சமயத்தில் வேறு கட்டுப்பாடுகளும் நடைமுறையில் இருந்தன. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் நவம்பர் 6 முதல் விரும்பிய எவருக்கும் இலவசமாகச் செய்தார்கள். அங்கே வறிய பகுதிகளில் தொற்று அதிகமாகவும் பரிசோதனைக்கு வந்தவர் குறைவாகவும் இருந்ததை மதிப்பீட்டு அறிக்கை சொல்கிறது. தனித்திருக்க நேர்ந்தால் வருமானம் போய்விடும் என்ற அச்சம் முக்கிய காரணங்களில் ஒன்று. லிவர்பூலுக்கும் லிந்துலைக்கும் நடுவே கடல் எவ்வளவோ உண்டு, காரணம் ஒன்றுதான்.

நூறு வருடத்துக்கு முந்திய பாடம்

தோட்டத் தொழிலாளரை வேலைத்தலத்தில் வைத்துப் பரிசோதிப்பது புதிதல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்களை மண்டபம் முகாமில் சில நாள் தடுத்துவைத்துப் பார்த்தே அனுப்பினார்கள். 1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. தொழிலாளரின் மலத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்துப் புழு முட்டை தேடினார்கள். இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். பரிசோதனை சரியானது, மருந்தும் வேலை செய்தது. ஆனால் போதிய மலசலகூடம் கட்டுவதில் தோட்டத் துரைமார் பின்னின்றார்கள். சுகமானவர்கள் மறுபடி அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்து அதே புழுவைப் பெற்றார்கள். புழுவைக் கண்டுபிடிக்க நுணுக்குக்காட்டி போதும், அது திரும்ப வராமற் செய்ய மலசலகூடம் வேண்டும். மலசலகூடத்துக்குச் செலவு உண்டு.

அன்றைய மலசலகூடத்தின் இடத்தில் இன்று இருப்பவை தனிமைப்படுத்தல் நாளின் சம்பளமும் தனித்திருக்க ஓர் இடமும். இவை முடியாத காரியங்கள் அல்ல. 2020 மே மாதத்தில் அரசாங்கமும் முதலாளிமார் தரப்பும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. வேலை கொடுக்க முடியாத தனியார் துறை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபா, எது கூடவோ அதைக் கொடுக்க அதில் இணங்கப்பட்டது. வேலை செய்யாத நாளுக்கும் சம்பளம் என்ற கொள்கை இந்நாட்டில் ஏற்கெனவே பேசி ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்று. நோயைத் தடுப்பதற்காக ஒருவரை வீட்டில் இருக்கச் சொல்லும்போது அதே கொள்கையைக் கேட்பது நியாயமே.

கார்டு வருமுன் கேட்க வேண்டியவை

அடுத்த முறை கொழுந்து மடுவத்துக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ நகரத்துக் கடைக்கோ கார்டு வரும்போது, குச்சியை மூக்கில் விடுமுன் நிர்வாகத்திடம் நான்கு கேள்விகளுக்குப் பதில் பெற வேண்டும்.

முதலாவது: இரண்டு கோடு விழுந்தவருக்கும் அவரோடு தனிமைப்படுத்தப்படும் வீட்டாருக்கும் எத்தனை நாள், எவ்வளவு பேர் விழும்? முழுப்பேரா, அரைப்பேரா?

இரண்டாவது: அவர் அன்றிரவு எங்கே படுப்பார்? காம்பராவிலா, தோட்டத்துப் பிள்ளை மடுவம் அல்லது வாசிகசாலை போன்ற ஒரு கட்டடத்தில் ஒழுங்குசெய்த இடத்திலா? அங்கே தண்ணீரும் சாப்பாடும் யார் பொறுப்பு?

மூன்றாவது: நோய் அருகிய காலத்தில் இரண்டு கோடு விழுந்தால் உறுதிசெய்யும் பரிசோதனை எப்போது, யார் செலவில்?

நான்காவது: இது ஒருநாள் கூத்தா, அல்லது சில நாள் இடைவெளியில் திரும்பச் செய்யப்படுமா? ஒரு கோடு விழுந்தவர்களுக்கும் முகக்கவசமும் இடைவெளியும் தொடருமா?

இவற்றைத் தொழிற்சங்கத் தலைவர்கள் கேட்கலாம், மாதர் சங்கம் கேட்கலாம். கடை வைத்திருக்கும் நம்மவர்கள் தம் கடைப் பையன்களுக்காகத் தாங்களே பதில் சொல்லலாம். அந்தப் பையன்களில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வருபவர்கள். பதிலை வாயால் சொல்லிவிட்டுப் போக விடாமல், தமிழில் எழுதிப் பெரட்டுக் களத்து அறிவித்தல் பலகையில் ஒட்டச் சொல்ல வேண்டும். அதை வாசித்துச் சொல்ல ஒவ்வொரு லயத்திலும் பாடசாலைப் பிள்ளை ஒன்று இருக்கிறது.